பனி தாங்கும் வில்வம்

பதிகம் பாடத் தெரிந்தவனுக்கு மரமும் தெரியும் என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. அப்படிச் சொன்னவன் நான்தான். அதையும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொன்றை, எருக்கு, வன்னி, வில்வம் என்று நாள்தோறும் வாயாரப் பாடுகிறவன், அவற்றில் ஒன்று கண்ணெதிரே வந்து நின்றால் கணத்தில் இனங்கண்டுவிடுவான் என்று உறுதியாக நம்பியிருந்தேன். பாட்டில் வரும் மரத்தின் முள் குத்துவதில்லை, அதன் இலையை யாரும் கூட்டி அள்ள வேண்டியதுமில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. உறைத்தபோது, இத்தாலியின் பலெர்மோ நகரத்துச் சைவக் குடும்பங்களில் பாதி ஒருவரையொருவர் முகம் பார்க்கக் கூசிக்கொண்டிருந்தன. (மற்றப் பாதிக்கு நான் கன்று கொடுத்திருக்கவில்லை.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நானும் மனைவி பரமேஸ்வரியும் பலெர்மோவின் ஒரேத்தோப் பகுதியில் ஒரு நாலாம் மாடி வீட்டில் குடியிருந்தோம். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்த நான், இங்கே ஒரு பணக்காரச் சிஞ்ஞோரா அம்மாளின் தோட்டக்காரன். பரமேஸ்வரி அதே வீட்டின் சமையற்காரி. எங்கள் இருவரில் யார் முக்கியமானவர் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. எனக்குச் சம்பளம் கையில் வரும். என் பெயர் எந்தத் தாளிலும் வராது. அவளுக்கு முறையான வேலை ஒப்பந்தம் இருந்தது. அதைக் காட்டித்தான் குவெஸ்தூராவில், அதாவது காவல்துறைத் தலைமையகத்தில், எங்கள் இருவருடைய பெர்மெஸ்ஸோவையும் புதுப்பித்துவந்தோம். பெர்மெஸ்ஸோ இல்லாவிட்டால் இந்த நாட்டில் தங்க முடியாது. சுருங்கச் சொன்னால், நான் இத்தாலியில் நின்றது பரமேஸ்வரியின் அகப்பைக் காம்பில்.

அந்த அகப்பை பெரும்பாலும் மீன் சட்டிக்குள் கிடந்தது. சிஞ்ஞோரா சாளை மீனும் வாள்மீனும் இல்லாமல் உண்ணமாட்டார். பரமேஸ்வரியோ பிறந்ததிலிருந்து மீனோ இறைச்சியோ, எந்த மச்சமும் தொட்டு நாவில் வைத்தவளல்லள். ஆயினும் சட்டியின் ஆவியை முகர்ந்தே உப்புச் சொல்லுவாள். விருந்தாளிகள் எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்று அவளைப் பாராட்டிவிட்டுப் போவார்கள். அவளுக்கு அதில் ஒரு பெருமிதம் உண்டு. எனக்கு அதில் ஒரு முகச்சுளிப்பு உண்டு. வாடகை கொடுக்கும் நாளில் மட்டும் அந்தச் சுளிப்பு இராது.

சிஞ்ஞோராவுக்கு விதைப் பித்து. ஐரோப்பா எங்கும் உள்ள தோட்டப் பிரியர்கள் தபாலில் விதை மாற்றிக்கொள்ளும் ஒரு வட்டத்தில் அவரும் இருந்தார். இவர் இங்கிருந்து வெயில் நாட்டு விதைகளை அனுப்புவார். வடக்கிலிருந்து வரும் உறைகளில் எல்லாம் ‘பனி தாங்கும்’ என்றே எழுதியிருக்கும். பனி தாங்கும் முட்டைக்கோவா, பனி தாங்கும் முந்திரிகைக் கொடி, பனி தாங்கும் மூங்கில். அது வடக்கத்தியார் பிள்ளைக்குப் பெண் பார்க்கும்போது சொல்லும் தகுதிபோல இருந்தது.

“சிவ, இதுவும் பனி தாங்குமாம்!” என்பார் சிஞ்ஞோரா. என் பெயரில் அவர் வாயில் நுழைந்தது அவ்வளவுதான். “பலெர்மோவில் பனியை எங்கே போய்க் கூட்டிவருவது, இதற்கு அறிமுகம் செய்துவைக்க?” அப்படியே குப்பைத் தொட்டிக்குள் போட்டுவிடுவார்.

அவருடைய உறைகளைத் தபாற் கந்தோருக்குக் கொண்டுபோய்க் கொண்டுபோய் அந்தப் பித்து எனக்கும் தொற்றிவிட்டது. என் பண்டமாற்றுக்கு அகப்பட்டவன் பரமேஸ்வரியின் தம்பி நித்தியானந்தன். ஜெர்மனியில் தொழிற்சாலை வேலை. ஒரு ரயில்பாதை ஓரமாகத் துண்டு நிலம் வாடகைக்கு எடுத்துத் தோட்டம் செய்துகொண்டிருந்தான். நான் முருங்கை விதையும் பாகல் விதையும் அனுப்புவேன். அவை அங்கே குளிரில் செத்துப்போகும். அவன் பனி தாங்கும் கீரையும் பனி தாங்கும் ஊசியிலை மரமும் அனுப்புவான். அவை இங்கே வெயிலில் செத்துப்போகும். இப்படி ஆண்டுக்கணக்காக ஒருவருடைய செல்வத்தை மற்றவர் கொன்றுகொண்டிருந்தோம். இதற்கு விதைப் பரிமாற்றம் என்று பெயர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அவன் குரல் தாழ்ந்து வந்தது.

“அத்தான், ஒரு சாமான் அனுப்புறன். சும்மா சாமானில்லை. வில்வம்!”

“வில்வமோ? ஜெர்மனியிலையோ?”

“ஓம். பக்கத்துத் தோட்டத்து ஜெர்மன்காரன்ரை வேலியே இதுதான். முழங்கால் அளவு பனிக்குள்ளை நிக்குது. மூண்டிலை, முள்ளு, உருண்டைக் காய், எல்லாம் அச்சொட்டு. அவனுக்கு என்ன விளங்கும்? எனக்கு ஒரு பார்வையிலை பிடிபட்டுப்போச்சு.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முக்கண்ணனுக்குரிய மூவிலை, பனிமலையில் உறைபவனுக்குரிய பனி தாங்கும் மரம். இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்ததில் எனக்குத் தற்செயல் எதுவும் தென்படவில்லை. நான் ஊரில் வில்வத்தைப் பூசைத்தட்டில் இலையாகக் கண்டதே அதிகம். மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்ததாக நினைவில்லை. அது ஒரு குறையாக எனக்குத் தோன்றவில்லை.

“இஞ்சாருங்கோ,” என்றாள் பரமேஸ்வரி, கதையைக் கேட்டுவிட்டு. “பலெர்மோவிலை எங்கை பனி பெய்யுது, பனி தாங்குற மரம் வாங்க?”

“பனியையே தாங்குறது மிச்சத்தைத் தாங்காதோ?” என்றேன்.

(இந்தத் தருக்கத்தின் அழகில் நான் அன்று முழுவதும் மயங்கியிருந்தேன்.)

ஈரக் கடதாசியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் அடைத்து விதைகள் வந்தன. மாற்றாக என்னிடம் எஞ்சியிருந்த முருங்கை விதை அத்தனையையும் அனுப்பினேன். சித்திரையில் ஊன்றினேன். முளைத்தபோது ஒரே விதையிலிருந்து இரண்டு முளை வந்தது, சிலவற்றில் மூன்று. மூன்று! நான் பல்கனியில் நின்று கைகூப்பினேன். இலை ஊரில் கண்டதைவிடச் சிறிதாக இருந்தது. குளிர் நாட்டில் பிறந்ததால் ஒடுங்கியிருக்கிறது என்று விளக்கம் சொன்னேன். இலைக்காம்பின் இரு பக்கமும் சின்னச் சிறகுபோல ஏதோ இருந்தது; நந்தியின் காது என்று விளக்கம் சொன்னேன். யாரும் கேட்காமலே விளக்கம் சொல்லுவதில் எனக்கு அப்போது நல்ல பயிற்சி இருந்தது.

அக்காலத்தில் நாங்கள் ஒரு பழைய தச்சுக்கூடத்தை வாடகைக்கு எடுத்து அதில் கூடி வழிபட்டுவந்தோம். ஐயர் கிடையாது. மூத்தவன், பதிகம் தெரிந்தவன் என்ற முறையில் பூசையை நானே முன்னின்று நடத்துவேன். கன்றுகள் சாண் உயரம் வந்ததும் ஒரு மாலை அவற்றை அங்கே வரிசையாக வைத்து, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். அத்துடன் நிறுத்தியிருக்கலாம்.

“வருகிற சிவராத்திரிக்கு எங்கடை கையாலை வளர்த்த வில்வத்தாலைதான் அர்ச்சனை,” என்று அறிவித்தேன். “எல்லாரும் அவரவர் சாடியிலை இருந்து இலை கொண்டு வரோணும். ஆனால் ஒண்டு. வில்வம் சுத்தமான வீட்டிலைதான் நிக்கும். மச்சம் புழங்குற வீட்டிலை இலை கொட்டிப்போகும். கவனம்.”

இது எந்த நூலில் இருக்கிறது என்று பின்னர் பலர் என்னைக் கேட்டார்கள். எந்த நூலிலும் இல்லை. அந்த நேரத்தில் வாயில் வந்தது. சொல்லும்போதே மிகப் பழையதுபோல ஒலித்தது.

சாடிகளைத் தூக்கி உதவ வந்திருந்தவன் அந்தோனி. எங்கள் வீட்டுக்கு நேர்கீழே மூன்றாம் மாடியில் இருந்தவன், மன்னார்க் கத்தோலிக்கன். கபோ சந்தையில் ஒரு மீன் கடையில் வேலை. ஒலிபெருக்கி தூக்குவதானாலும் பாய் விரிப்பதானாலும் எங்கள் கூடத்துக்கு அவன்தான் முதலில் வருவான்.

“அண்ணை, எனக்கும் ஒண்டு தாங்கோவன்,” என்றான். “மனுசிக்கு யன்னலுக்கை பச்சையா ஏதும் நிண்டால் விருப்பம்.”

“நீர் மீன் வேலை செய்யிறனீர், அந்தோனி. உம்மடை வீட்டிலை இது நிக்காது. பேந்து என்னைக் குறை சொல்லப்படாது.”

“நிண்டால் நிக்கட்டும், போனால் போகட்டும். என்ன, வழக்கோ போடப்போறன்?”

இருந்தவற்றில் கோணலான ஒன்றைப் பார்த்துக் கொடுத்தேன்.

கார்த்திகை பிறந்தது. ஒரு காலை பல்கனிக்குப் போனால் என் வில்வத்தில் ஒரு இலை மஞ்சள். மறுநாள் பாதி மஞ்சள். அந்தக் கிழமை முடியுமுன் சாடியைச் சுற்றி இலைகள் வட்டமாகக் கிடந்தன. நடுவில் முள் மட்டும் நின்றது. அத்தனை இலைக்குள்ளே அத்தனை முள் ஒளிந்திருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது. சந்துக்கு அப்பால் எதிர் வீட்டுச் சிசிலியப் பெண்மணி உடுப்புக் காயப்போட வந்தவள், சாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், “மோர்த்தோ!” என்றாள். செத்துவிட்டது என்று பொருள். அதன் பின் நாள்தோறும் காலை வணக்கத்துக்குப் பதிலாக அதையே சொல்லத் தொடங்கினாள்.

மச்சம் தொடாத என் வீட்டில்! ஊருக்கெல்லாம் சட்டம் சொன்ன என் வீட்டில்! நான் சாடியை உடனே பழைய சாக்கால் மூடினேன். பிறகு குற்றவாளியைத் தேடினேன். வீட்டில் இருந்தது இருவர். நானல்ல என்பது தெரியும்.

“பரமேஸ்வரி, நீ அங்கை மீன் சமைச்சுப்போட்டு வடிவாக் கை கழுவிப்போட்டே வாறனி?”

அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கத்தி நின்றது.

“கழுவாத கையாலையோ உங்களுக்கு இவ்வளவு நாளும் சோறு போட்டனான்?”

“அதில்லையப்பா. உடுப்பிலை மணம் ஒட்டி வரும். வில்வத்துக்கு அது ஆகாது.”

“மரத்துக்கு மூக்கிருக்கோ?”

“தெய்வ மரம் எண்டால் அதுக்கு எல்லாம் தெரியும்.”

“ஓ! அப்ப இந்த வீட்டு வாடகை மீன் காசெண்டும் அதுக்குத் தெரியும். அந்தச் சாடி மீன் காசிலை வாங்கினது. நீங்கள் சாத்திக்கொண்டு பாட்டுப் பாடுற பட்டுச் சால்வையும் மீன் காசு. மரம் கொட்டினதுதான் அதிசயமோ, நீங்கள் இன்னும் கொட்டாமல் இருக்கிறதுதான் அதிசயமோ?”

இதற்கு நான் செய்யக்கூடியது ஒன்றுதான்; குரலை உயர்த்தினேன். அந்த மீன் வேலையை விட்டுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வேகத்தில், பெர்மெஸ்ஸோ என்ற சொல் நினைவுக்கு வரவில்லை.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“சரி. சிவராத்திரி மட்டும் பொறுங்கோ. அண்டைக்குப் பூசைக்கு வில்வ இலை இல்லாட்டில் நான் வேலையை விடுறன். பங்குனியிலை பெர்மெஸ்ஸோ முடியுது. குவெஸ்தூராவிலை போய் நீங்கள் ஒரு பதிகம் பாடி அதைப் புதுப்பிச்சுக்கொண்டு வாங்கோ. இலை வந்துதெண்டால், சாகும்வரைக்கும் என்ரை சட்டிக்குள்ளை நீங்கள் மூக்கு நீட்டப்படாது. சம்மதமோ?”

“சம்மதம்,” என்றேன். (மூடன்.)

அன்று தொடங்கி, வெல்லவும் பயம் தோற்கவும் பயம் என்ற நிலையில் நான் அந்த முட்செடிக்கு ஊழியம் செய்தேன். இளஞ்சூட்டு வெந்நீர் வார்த்தேன். பரமேஸ்வரியின் கம்பளிச் சால்வையை எடுத்துச் சுற்றினேன். முள் குத்தி அது சல்லடையானதற்கு வேறு வாங்கிக் கட்டிக்கொண்டேன். விடியலில் அதன் முன் அமர்ந்து பதிகம் பாடினேன். எதிர் வீட்டுப் பெண்மணி, நான் இறந்தவர்க்குரிய பாட்டுப் பாடுகிறேன் என்று எண்ணி, தலையைக் குனிந்து சிலுவைக் குறியிட்டுக்கொண்டாள். செடி அசையவில்லை.

இந்த நேரம் பார்த்து நித்தியானந்தன் அழைத்தான்.

“என்ன அத்தான், வில்வம் எப்பிடி?”

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மனைவியின் தம்பியிடம், அதுவும் கோழிக்கால் கடித்துக்கொண்டே தொலைபேசியில் கதைக்கும் ஒருவனிடம், என் வீட்டில் வில்வம் பட்டுப்போயிற்று என்று எப்படிச் சொல்வது?

“பச்சைப் பசேலெண்டு நிக்குது,” என்றேன்.

மறுமுனையில் கோழிக்கால் கடிக்கும் சத்தம் நின்றது. “இந்தக் குளிருக்கையுமோ?”

“வில்வத்துக்குக் குளிரென்ன, வெயிலென்ன? மச்சம் புழங்குற வீட்டிலைதான் இலை கொட்டும். எங்கடை வீட்டிலை ஏன் கொட்டப்போகுது?”

“ஓ... அப்பிடியோ,” என்றான் நித்தியானந்தன், மிக மெதுவாக. “அது எனக்குத் தெரியாது, அத்தான்.” தொலைபேசியை வைத்துவிட்டான். பரமேஸ்வரி என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி இங்கே எழுதாமல் விடுகிறேன்.

தை முடியப்போகும் தறுவாயில் வேறு வழி தேடினேன். மற்றவர்கள் வீட்டில் நிச்சயம் இலை இருக்கும். யாரிடமாவது சாடியையே இரவல் வாங்கி, என்னுடையதென்று வைத்துவிட்டால் என்ன? (பக்தன் இப்படியும் சிந்திப்பானா என்று கேட்காதீர்கள். சிந்தித்தான்.) பஸ் ஏறிப் பிரான்காச்சோப் பகுதிக்குப் போனேன். அங்கே ஒரு தொடர்மாடியில் தம்பிராசாவும் அவன் மனைவி லீலாவும் இருந்தார்கள். கன்று வாங்கியவர்களில் அதிகப் பயபக்தி காட்டியவர்கள்.

“வில்வம் எப்பிடி, தம்பிராசா?”

“நல்லா நிக்குதண்ணை,” என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

“ஒருக்காப் பார்க்கலாமோ?”

லீலா பாய்ந்துபோய்ப் பல்கனிக் கதவுக்குக் குறுக்கே நின்றாள். “அங்காலை வழுக்கும் அண்ணை, இப்பத்தான் கழுவினனான்.”

“பரவாயில்லை, கண்ணாடிக்குள்ளாலை பார்க்கிறன்.”

“மூடியெல்லே வைச்சிருக்கு! கண்ணூறு பட்டிடும் எண்டு.”

“என்ரை கண்ணோ?”

“ஐயோ, உங்கடை கண்ணில்லை அண்ணை. எல்லாற்றை கண்ணும்.”

இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். தேநீர் ஆறுமுன் என்னை வழியனுப்பிவைத்தார்கள். நான் நினைத்ததெல்லாம் இதுதான்: கண்ணூறு படும் அளவுக்கு இவர்கள் வீட்டில் தழைத்திருக்கிறது, என் வீட்டில் மட்டும் சாபம். அவர்கள் பல்கனியில் இருந்ததும் சாக்கு மூடிய முள்தான் என்பதை, சாக்கு மூடிய முள்ளுக்குச் சொந்தக்காரனான நானே ஊகித்திருக்க வேண்டாமா? நாணம் மனிதனின் அறிவைத்தான் முதலில் மூடுகிறது.

சிவராத்திரி வந்தது. காலையில் சாக்கை விலக்கிப் பார்த்தேன். முள்.

“என்ன, இலையோ?” என்றாள் பரமேஸ்வரி உள்ளிருந்து.

“மற்றவை கொண்டு வருவினம். பூசைக்கு இலை இருந்தால் சரிதானே? அப்பிடித்தானே நீ சொன்னனி?”

“ஓம், அப்பிடித்தான் சொன்னனான்,” என்றாள். அவள் முதல் நாளே சிஞ்ஞோரா வீட்டிலிருந்து தன் சமையல் உடுப்பை மடித்துக் கொண்டுவந்திருந்தாள். அதைப் பையில் கண்டதும் பையின் வாயை இழுத்து மூடினேன். அவளுக்கு அந்தச் சமையலறை எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். தெரியாததுபோல் இருந்துவந்தேன், அவ்வளவுதான்.

மாலை கூடம் நிறைந்தது. முதற்சாமப் பூசை. விளக்கேற்றி, நீராட்டி, பதிகம் பாடி முடித்தேன். அர்ச்சனை தொடங்க வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு தட்டுடன் வந்திருந்தார்கள். எல்லாத் தட்டும் துணியால் மூடியிருந்தது. எனக்கு உயிர் வந்தது.

“வில்வத்தைக் கொண்டு வாங்கோ,” என்றேன்.

ஒருவரும் எழும்பவில்லை. ஆண்கள் மோட்டுவளையைப் பார்த்தார்கள். பெண்கள் ஆண்களைப் பார்த்தார்கள்.

“ஏன் இருக்கிறியள்? நேரம் போகுது.”

லீலாதான் முதலில் உடைந்தாள். “அண்ணை, என்னிலை ஒரு பிழையும் இல்லை! நான் கன்று வாங்கின நாள் தொடக்கம் முட்டை கூடத் தொடேல்லை. இந்த மனுசன்தான் வேலை செய்யிற இடத்திலை ரின்னிலை அடைச்ச மீன் திண்டிருக்குது. கொட்டிப்போச்சு அண்ணை. ஒரு இலை இல்லாமல் கொட்டிப்போச்சு!”

அவள் தட்டின் துணியை எடுத்தாள். உள்ளே செவ்வரத்தம் பூ.

“ஒரே ஒரு ரின்,” என்றான் தம்பிராசா, சபையைப் பார்த்து. “அதுவும் பாதி.”

அதற்குப் பிறகு நடந்தது பூசையா, பாவசங்கீர்த்தனமா என்று சொல்லுவது கடினம். ஒருவர் கோழிக்கறி என்றார். ஒருவர் மாமியார் வந்து நின்றபோது கணவாய் பொரித்ததாகச் சொன்னார். சற்றே வயதான ஒருவர் எழுந்து, தான் மச்சம் எதுவும் உண்ணவில்லையென்றும், ஆனால் ஆசைப்பட்டதாகவும் சொன்னார். ஒவ்வொருவராகத் துணியை எடுக்க எடுக்க உள்ளே செவ்வரத்தை, எலுமிச்சை இலை, மல்லிகை. ஒரு தட்டில் வெறும் துணி. மூன்று மாதமாக ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக எரிந்த நெருப்பெல்லாம் ஒரே கூடத்தில் புகைந்தது. எல்லாரும் என் தீர்ப்பை எதிர்பார்த்து என்னையே பார்த்தார்கள்.

“இஞ்சாருங்கோ,” என்றது பெண்கள் பக்கத்திலிருந்து எனக்கு நன்கு பழக்கமான ஒரு குரல். “எங்கடை சாடியைப் பற்றியும் ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன்.”

நான் சிவலிங்கத்தைப் பார்த்தேன். அங்கிருந்து உதவி வரும் அறிகுறி இல்லை.

“எங்கடையும்...” என்றேன். “எங்கடையும் கொட்டிப்போச்சு. எல்லாருக்கும் முந்தி.”

“உங்கடையுமோ!” என்று கூடம் முழுவதும் ஒரே குரலில் கேட்டது. தம்பிராசாவின் குரலில் மட்டும் அளவுகடந்த மகிழ்ச்சி தெரிந்தது.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு அந்தோனி வந்தான். ஒலிபெருக்கியைச் சரிபார்த்துவிட்டுப் போக வந்தவன். ஒரு கையில் சாடி.

“அண்ணை, நீங்கள் எல்லாரும் இலை கொண்டு வரோணும் எண்டனீங்கள். எனக்கும் சொன்னதோ இல்லையோ தெரியேல்லை. எதுக்கும் எண்டு முழுசாக் கொண்டு வந்திட்டன். இது காணுமோ?”

நான் கொடுத்த அதே கோணல் கன்று. முழங்கை உயரம் வளர்ந்து, அடியிலிருந்து நுனிவரை மூவிலை மூவிலையாகத் தழைத்து, பளபளவென்று நின்றது. கூடமே எழுந்து நின்றது. லீலா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்குக் கண் நிறைந்தது. ஒன்றும் கேட்கத் தோன்றாமல் இரு கையாலும் வாங்கினேன். முள் குத்தியதுகூட இனித்தது. ஒவ்வோர் இலையாகக் கிள்ளி, நாமம் சொல்லி அர்ச்சித்தேன். அவ்வளவு உருகி நான் அதற்கு முன்னும் பாடியதில்லை, பின்னும் பாடியதில்லை.

கடைசி இலையை வைத்து, தீபம் காட்டி, திருநீறு கொடுத்து முடித்த பிறகுதான் கேட்டேன்.

“அந்தோனி, இவ்வளவு செழிப்பா நிக்க நீர் இதுக்கு என்ன செய்தனீர்?”

“நான் என்ன அண்ணை செய்யிறது? அடுப்புக்குப் பக்கத்திலை, சூட்டுக்குள்ளை வைச்சிருக்கு. கடையாலை வந்து நாளுக்கு ஒருக்கா மீன் கழுவின தண்ணி ஊத்துவன். ஊரிலை கறிவேப்பிலைக்கு ஊத்துறமாதிரி.”

கூடம் முழுவதும் சாடியை விட்டு, இலை குவிந்திருந்த சிவலிங்கத்தைப் பார்த்தது.

“ஏன் அண்ணை, பிழையோ?” என்றான் அந்தோனி, முகம் வாடி. “சிலநேரம் றாலும் கழுவினதுதான்.”

முதலில் சிரித்தது யார் என்று இன்றுவரை தெரியாது. தம்பிராசா என்று லீலா சொல்லுவாள். லீலா என்று தம்பிராசா சொல்லுவான். எப்படியோ, அந்தத் தச்சுக்கூடத்தின் ஓடு அதிரும்படி சிரித்தார்கள். மூன்று மாதமாகத் தங்கள் வீட்டில் பாவம் குடியிருப்பதாக நினைத்தவர்கள் அல்லவா? நான் மட்டும் திருநீற்றுத் தட்டோடு நடுவில் நின்றேன். பரமேஸ்வரி வந்து திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டாள்.

“பூசைக்கு இலை வந்திட்டுது,” என்றாள் அமைதியாக. “அப்ப நாளைக்கு நான் சாளை துப்புரவாக்கப் போகலாம்தானே?”

“போ, அம்மா,” என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை மறைக்க, கோபமாக இருப்பதுபோல் நடித்தேன். அவள் நம்பவில்லை. பங்குனியில் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கப்பட்டது. பதிகம் எதுவும் தேவைப்படவில்லை.

சாளை துப்புரவாக்கியபடியே அவள் முழுக்கதையையும் சிஞ்ஞோராவிடம் சொல்லிவிட்டாள். சிஞ்ஞோரா என் சாடியைக் கொண்டுவரச் சொன்னார். பஸ்ஸில் இரண்டு பேருடைய காலுறையைக் கிழித்துக்கொண்டு அதைச் சுமந்துபோனேன்.

“மதோன்னா மியா!” என்று நெற்றியில் கை வைத்தார் சிஞ்ஞோரா. “சிவ, இது மூவிலைத் தோடை, ஒருவகை ஆரஞ்சு. வடக்கத்தியார் எனக்கு வருடந்தோறும் இதைத்தான் அனுப்புவார்கள். நான் குப்பையில் போடுவதை நீ பார்த்ததில்லையா? அவர்களுடைய உறைபனியில் உயிரோடு நிற்கும் தோடை இது ஒன்றுதான், பாவம், அதனால் கொண்டாடுகிறார்கள். பழத்தைத் தின்ன முடியாது.” பிறகு தன் தோட்டத்தைச் சுற்றிக் கையைக் காட்டினார். நான் நாள்தோறும் நீர் வார்க்கும் தோடைகளும் எலுமிச்சைகளும் காயும் பழமுமாகத் தலை நிறைய நின்றன. “இந்த ஊரில், இதையா தபாலில் வரவழைத்தாய்?”

“குளிர் காலத்தில் இலை கொட்டுமா, சிஞ்ஞோரா?”

“எல்லா இலையையும் கொட்டும். அதனால்தானே பனியைத் தாங்குகிறது!”

நான் வில்வத்தைப் பற்றிச் சொன்னதும் தன் தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டிப் பார்த்து, வில்வமும் இதுவும் ஒரே குலம்தான் என்றும் சொன்னார். பரமேஸ்வரி இதைக் கேட்டு ஆறுதல் கூறினாள்: “அப்ப ஒண்டை விட்ட சகோதரம். வில்வத்துக்கு வர வசதிப்படேல்லை, சொந்தக்காரனைப் பூசைக்கு அனுப்பியிருக்கு. யோசியாதேங்கோ.”

அன்று மாலையே நித்தியானந்தனை அழைத்து வெளுத்து வாங்கினேன். தோடை மரத்தை வில்வமென்று அனுப்பினாயே, குளிருக்குக் கொட்டும் என்று ஒரு சொல் சொன்னாயா என்று கேட்டேன்.

“அத்தான்,” என்றான் நித்தியானந்தன். “என்ரை கண்ணுக்கு முன்னாலையே அந்த வேலி முழுக்க வருசா வருசம் கொட்டுறது. இஞ்சை எல்லாம் கொட்டுந்தானே, அதையும் சொல்லோணுமோ எண்டு விட்டிட்டன். நீங்கள்தான் உங்கடை வீட்டிலை கொட்டேல்லை, மச்சம் புழங்கினால்தான் கொட்டும் எண்டனீங்கள். அந்த விதையை நான் பிறிட்ஜுக்குள்ளை கோழிக்குப் பக்கத்திலையெல்லே வைச்சிருந்தனான்... அண்டையிலை இருந்து நான் கோழி தொடேல்லை, அத்தான். நத்தார்ப் பண்டிகைக்கு வேலைத்தலத்திலை தந்த வாத்தையும் திருப்பிக் குடுத்திட்டன்.”

வாத்துக்கு நான் என்ன ஈடு கொடுப்பது? முருங்கை விதையும் கைவசம் இல்லை. அவற்றையும் அவன் அங்கே குளிரில் சாகடித்திருந்தான்.

சித்திரையில் எல்லார் வீட்டு முள்ளும் தளிர்த்தது. அதற்குள் எல்லாருக்கும் உண்மை தெரிந்துவிட்டதால் அந்தத் தளிரால் ஒருவரும் புனிதராகவில்லை. என் கன்றைச் சிஞ்ஞோரா தன் மதிலோரம் நட அனுமதித்தார். பல ஆண்டு கழித்து அது காய்த்தது. பஞ்சுபோல் மயிர் மூடிய, மஞ்சள் நிறமான, அழகிய பழம். பரமேஸ்வரி அதில் ஊறுகாய் போட்டு எனக்கு மட்டும் பரிமாறினாள். அதன் கசப்பை வருணிக்க என்னிடம் சொல் இல்லை. நான் அதை முழுவதும் உண்ணும்வரை அவள் எதிரிலேயே இருந்தாள்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் ஒருவர் வெளியில் உண்டுவிட்டு வந்தால், என்ன உண்டீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. “இலை எப்பிடி, நிக்குதோ?” என்றுதான் கேட்பார்கள். கார்த்திகை பிறந்தால் ஜெர்மனியிலிருந்து ஒரு தொலைபேசி வரும், வணக்கம்கூடச் சொல்லாமல், “அத்தான், கொட்டிட்டுதோ?” என்பான் நித்தியானந்தன்.

வடக்கத்தியார் கேட்கிறார்கள் என்று சிஞ்ஞோரா அந்தப் பழத்தின் விதைகளையே அவர்களுக்குத் திருப்பி அனுப்பத் தொடங்கினார். உறையில் அடைத்துத் தபாற் கந்தோருக்குக் கொண்டுபோவது வழக்கம்போல் என் வேலை. முதல் உறையில் சிஞ்ஞோரா ‘பனி தாங்கும்’ என்று இத்தாலிய மொழியில் எழுதி முடித்ததும், பரமேஸ்வரி மீன் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தாள். பேனாவை வாங்கி என் கையில் தந்து, கீழே தமிழில் ஒரு வரி எழுதச் சொன்னாள். ஜெர்மன்காரனுக்கு அது விளங்காது என்று சொல்லிப் பார்த்தேன். உங்களுக்கு விளங்கினால் காணும் என்றாள். அன்றிலிருந்து ஒவ்வோர் உறையிலும் என் கையெழுத்தில் அந்த வரி போய்க்கொண்டிருக்கிறது:

‘எல்லார் வீட்டிலும் கொட்டும்.’